டர்பன் மரமும் சீதா கல்யாணமும்

போன மாதம், தை பாதி கடந்திருக்கும். காலையில் வாசலில் ஒரு ஆள். ஒரு கையில் தாம்பாளம் — வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம். இன்னொரு கையில்... பளபளவென்று தீட்டிய அரிவாள்!

பயந்துவிடாதீர்கள். எங்கள் ராஜபாளையத்தில் தை மாதத்தில் இப்படி ஒருவர் வந்து நின்றால் யாரும் போலீஸுக்கு ஓடமாட்டார்கள். "யார் வீட்டுக் கல்யாணம்?" என்றுதான் கேட்பார்கள்.

நானும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றேன். வந்து நின்றவர் அடுத்த வீட்டு வெங்கட்டம்மா அக்காவின் தம்பி சஞ்சீவி. கல்யாணம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். அக்காவின் மகள் சீதாவுக்கு.

"தாயி, சீதாவுக்கு முகூர்த்தக்கால் நடணும். தாய்மாமன் நான்தான வெட்டணும்? நம்ம மரத்துல ஒரு கம்பு எடுத்துக்கிடுதேன்."

போச்சு! இத்தனை நாளும் வந்தவர்களையெல்லாம் ஏதேதோ சொல்லித் திருப்பி அனுப்பியாயிற்று. இந்த ஒரு ஆளிடம் என்ன சொல்வது?

விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால், முதலில் எங்கள் கிருபை மதினியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா. வாழ்க்கைப்பட்டது டர்பனில். ஆமாம், தென் ஆப்பிரிக்காவில் இருக்கிற அதே டர்பன்தான். புருஷனுக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. அவர் காலமானதும், பிள்ளை குட்டி இல்லாத மதினி கப்பலேறித் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தி. கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பெரிய குடை, ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவைத் திறந்தால் பிஸ்கட் இல்லை. விதை!

செக்கச் செவேலென்று, ஓரத்தில் கறுப்புப் பொட்டோடு இருந்தது. நான் குன்றிமணி என்றே நினைத்துவிட்டேன்.

"குன்றிமணியையா மதினி கப்பல்ல வச்சுக் கொண்டு வந்திய? நம்ம ஓடைக்கரையில அள்ள அள்ளக் கெடக்கே!"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏட்டி ஞானம், இது எங்க டர்பன் வீட்டு வாசல்ல நின்ன மரத்து விதை. எம்புட்டு வறட்சி வந்தாலும் அசையாது. இலையெல்லாம் கொட்டிப்போட்டு, மரம் முழுக்கச் செவப்பாப் பூக்கும். நீ பாத்துக்கிட்டே இரு."

விதையின் முதுகைக் கல்லில் உரசி, வெந்நீரில் ஊறப்போட்டு, வாசலில் நட்டார். முளைத்தது. இலையும் வந்தது. ஒரு காம்புக்கு மூன்று இலை. தண்டில் குட்டிக் குட்டியாய் முள்.

பார்த்ததும் தெருவே சிரித்துவிட்டது. இதுதானா? இது நம்ம கல்யாணமுருங்கை ஆச்சே! வெற்றிலைக் கொடிக்கால் முழுக்க இதுதானே நிற்கிறது? இதற்காகவா ஒரு பொம்பளை கடல் தாண்டி விதை சுமந்து வந்தாள்?

"இது அது இல்லை. ரெண்டுக்கும் இலை ஒண்ணு போல இருக்கும். பூ வேற. பூக்கட்டும், அப்ப தெரியும்" என்றார் மதினி.

பூக்கட்டும், பூக்கட்டும் என்று ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. பூத்தால்தானே?

மரத்தின் மேல் குற்றம் இல்லை. அது தன் பாட்டுக்கு வளர்ந்தது. முதல் வருஷம் செட்டியார்பட்டியிலிருந்து சந்தைக்கு வந்த ஆடு ஒன்று மொட்டையடித்துவிட்டுப் போனது. அப்போது முள் வெட்டிவந்து வேலி கட்டிக் கொடுத்தவர் இதே சஞ்சீவிதான். கட்டச் சொன்னவர் வெங்கட்டம்மா அக்கா. கன்று மறுபடி துளிர்த்தது. கிணறெல்லாம் வற்றி, நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய் அலைந்த கோடையிலும் அது மட்டும் ஜம்மென்று நின்றது. மனசு கேட்காமல் நான் ஒருநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றப்போய், மதினியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"தண்ணி காட்டாதட்டி! தண்ணி காட்டினா இலையாப் பெத்துப் போட்டுக்கிட்டு நிக்கும். காயட்டும். காஞ்சாத்தான் பூக்கும்."

அப்படியானால் ஏன் பூக்கவில்லை? கல்யாணம்தான் காரணம்!

இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தக்காலுக்கு இங்கே கல்யாணமுருங்கைக் கம்புதான் நடுவார்கள். கொடிக்கால் வரை எதற்குப் போவானேன் என்று எங்கள் மரத்தில் ஒரு கம்பு கேட்டார்கள். கொடுத்தோம். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷமே இரட்டைப் பிள்ளை பிறந்தது. இரண்டும் ஆண்! அவ்வளவுதான். மரத்துக்குப் பேர் வந்துவிட்டது. ராசியான மரம்... தொட்டது துலங்கும் மரம்... அது கல்யாணமுருங்கையே இல்லை என்று மதினி கரடியாய்க் கத்தியதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? தை பிறந்தால் தாம்பாளமும் அரிவாளுமாய் வரிசை கட்டினார்கள். ஒரு தடவை கூமாப்பட்டியிலிருந்து மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு வந்தார்கள் என்றால் பாருங்களேன்!

மரம் பூப்பது மாசியில். முற்றிய கம்பின் நுனியில்தான் மொட்டு வைக்கும். இவர்கள் வெட்டுவதோ தையில். அதுவும் நல்ல முற்றிய கம்பாகப் பார்த்து! ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைத்தது எங்கள் மரம். அதற்கு மட்டும் ஒரு நல்லது நடக்கவில்லை.

'கொடுக்காமல் இருந்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள், கேட்பீர்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்த தாம்பாளத்தோடு, ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு என்று வந்து நிற்கிறவரிடம், "இல்லை" என்று உங்களால் சொல்ல முடியுமா?

நம் ஆட்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வருவதே இல்லை. பானையில் அரிசி தீர்ந்தால் "நிறைஞ்சிருக்கு" என்கிறோம். கிளம்பிப் போகும்போது "வாரேன்" என்கிறோம். வீட்டில் ஆள் இருந்துகொண்டே பார்க்கப் பிடிக்காவிட்டால், "இப்பத்தான் வெளியே போனாவ" என்கிறோம். பொய் சொல்லக் கூசுவதில்லை. இல்லை என்று சொல்லத்தான் கூசுகிறது.

நாங்கள் கோயில் குளத்துக்குப் போகிறவர்கள் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதனால் என்ன? கூச்சம் எல்லோருக்கும் ஒன்றுதான். உபதேசியார் ஒருமுறை வந்து, "அவங்க சடங்குக்கு நீங்க கம்பு கொடுக்கலாமா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். மதினி சொன்னார்:

"யோசேப்பு தச்சர்தான உபதேசியாரே? அவர் செஞ்ச பலகையில யார் யார் உக்காந்தாவளோ! கேட்டுட்டா இழைச்சுக் கொடுத்தாரு?"

உபதேசியார் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் உள்ளுக்குள் மதினிக்கு ஆற்றாமை இருந்தது. சும்மா இல்லை. தெருவில் அவருக்குப் பேரே 'டர்பன்' என்று ஆகிவிட்டது. கிணற்றடியில் யாராவது கொஞ்சம் அளந்துவிட்டால் போதும், "சரி சரி, டர்பன் கதையை நிறுத்து" என்பார்கள். மதினி காதுபடவே சொல்வார்கள். அங்கே இப்படி ஒரு கடல் இருந்தது, இப்படி ஒரு வீடு இருந்தது, வாசலில் இப்படி ஒரு மரம் நின்றது என்று அவர் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. எதைக் காட்டி நம்ப வைப்பது? புருஷன் போயாயிற்று. வீடு போயாயிற்று. மிச்சம் இருந்தது இந்த மரம் ஒன்றுதான். அதுவும் வாயைத் திறக்கவில்லை!

சிரிக்காமல் மதினியின் கதையைக் கேட்ட ஒரே ஆள், வெங்கட்டம்மா அக்காவின் மகள் சீதா. சாயங்காலமானால் கொக்கி ஊசியும் நூலுமாய் வந்து மதினி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். "பெரீம்மா, அந்தக் கப்பல்ல ஒரு பாட்டிக்குப் பல்செட்டு கடல்ல விழுந்துதே, அதைச் சொல்லுங்க" என்பாள். எத்தனை தடவை கேட்டாலும் அவளுக்கு அலுக்காது. மதினிக்கும் சொல்லி அலுக்காது. கேட்டுக் கேட்டு எனக்குத்தான் அலுத்துவிட்டது.

பாவம், நல்ல பெண். கல்யாணம்தான் தட்டிக்கொண்டே போனது. முதலில் பேசிய மாப்பிள்ளை பட்டாளத்துக்குப் போனான், போனவன் போனவன்தான். இரண்டாவது இடம் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் பின்வாங்கிவிட்டது. மூன்றாவதாக இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இடம் குதிர்ந்திருந்தது. வெங்கட்டம்மா அக்கா மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டிருந்தார்.

சரி, மரத்துக்கு வருவோம்.

போன வருஷம் மரத்தின் ஒரு கிளை அக்கா வீட்டு ஓட்டுக்கு மேலே சாய்ந்து நின்றது. ஓடு உடைந்துவிடும் என்று யாரும் அதன் பக்கம் ஏறவில்லை. மற்றதெல்லாம் வழக்கம்போல் முகூர்த்தங்களுக்குப் போயிற்று. இந்த வருஷம் மார்கழி முடிகிற நேரத்தில், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னை மதினி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த ஒற்றைக் கிளையின் நுனியைக் காட்டினார். கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறத்தில், புலிநகம் மாதிரி வளைந்து வளைந்து ஏதோ குச்சம் குச்சமாய் நின்றது.

"மொட்டுட்டி" என்றார் மதினி.

அன்றைக்கே ஆலோசனைக் கூட்டம் நடந்தது. இந்த வருஷம் ஒரு குச்சியைக்கூட விடக்கூடாது. ஆனால் 'இல்லை' என்றும் சொல்லக்கூடாது. என்ன செய்வது? மதினிதான் வழி கண்டுபிடித்தார்.

"மரம் பூரா கம்பளிப்பூச்சி."

ஆகா! கல்யாண வீட்டுக்குக் கம்பளிப்பூச்சியைக் கொண்டுபோக யாருக்குத் தைரியம் வரும்? தாம்பாளத்தோடு வந்தவர்கள் வாசலில் இருந்தே உடம்பைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள். பூவுக்கு முந்தி இலையெல்லாம் உதிர ஆரம்பித்தது வேறு எங்களுக்கு வசதியாய்ப் போயிற்று. "ஐயோ பாவம், ஒரு இலை விடாம தின்னுட்டுதே!" என்று தெருவே இரக்கப்பட்டது. மதினி ராத்திரி ஜெபத்தில் அன்றன்றைக்குச் சொன்ன பொய்க்கு மொத்தமாய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இந்த நிலையில்தான் சஞ்சீவி வந்து நிற்கிறார், அரிவாளும் தாம்பாளமுமாய்!

"கம்பளிப்பூச்சி இருக்கே சஞ்சீவி..." என்று இழுத்தேன்.

"இருக்கட்டும் தாயி. நான் புகை போட்டு ஓட்டிக்கிடுதேன். இந்த மரத்துக்கு வேலி கட்டுன கை இது, என்னை என்ன செய்யும்?" என்று சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். "என்ன தாயி... ஒரு இலைகூட இல்ல?"

முகூர்த்தக்காலுக்கு நுனியில் பச்சை இலை வேண்டும். அது இல்லாமல் நடமாட்டார்கள். வெறுங்கம்பை நட்டால், நட்டவரையே பிடித்து உலுக்கிவிடுவார்கள். சஞ்சீவி தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் எடுத்துப்போகவும் முடியாமல் விழித்தார். பிறகு போய் அக்காவைக் கூட்டிவந்தார்.

கல்யாண அலைச்சலில் இத்தனை நாள் அண்ணாந்தே பார்க்காத வெங்கட்டம்மா அக்கா, மரத்தை மேலும் கீழும் பார்த்தார். சத்தம் கேட்டு மதினியும் வெளியே வந்தார். அக்கா எங்கள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மதினியிடம் தெலுங்கும் தமிழுமாய் அழுதார்.

"ஊரெல்லாம் இந்த மரத்துக் கம்பை நட்டு வாழுதாக வதினா. என் பொண்ணு முறை வர்றப்ப இதுவும் பட்டுப் போச்சா? அய்யோ தேவுடா... அவ ராசியே இப்பிடித்தானா?"

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் உள்ளூர ஒரு நிம்மதி. ஆமாம், நிம்மதிதான்! யாரும் 'இல்லை' என்று சொல்லவில்லை. மரமே சொல்லிவிட்டது. இனி இவர்கள் கொடிக்காலுக்குப் போய் நல்ல பச்சைக் கம்பாக வெட்டிக்கொள்வார்கள். கல்யாணமும் நடக்கும், மதினியின் மொட்டும் பிழைக்கும். வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றால் போதும்.

சும்மா நிற்கிற மனுஷியா எங்கள் மதினி?

"வெங்கட்டம்மா, அழாதிய. மரம் படலை. சஞ்சீவி! ஏணியை எடுத்துட்டு வா. உங்க ஓட்டுக்கு மேல சாஞ்சு நிக்கே, அந்தக் கிளை. அதை வெட்டு."

"மதினி!" என்றேன் நான்.

"நீ சும்மா இரி."

"மதினி, அது ஒண்ணுதான்..."

"தெரியும்ட்டி. எண்ணத் தெரியாதவளா நான்?" என்று என்னை அடக்கிவிட்டு, அக்காவிடம் குனிந்தார். "இந்தா பாருங்க. நுனியில நிக்கிறது மொட்டு. இலை வராது. பூ வரும். கம்பை வெட்டி நட்டாலும் உள்ள இருக்கிற பாலைக் குடிச்சே விரியும். டர்பன்ல எத்தனையோ வேலியில பாத்திருக்கேன். தாலி கட்டுறதுக்குள்ள சீதா பந்தல்ல பூத்து நிக்கும். என்னை நம்புதியளா?"

அக்கா நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த மரத்தை விட மனசில்லாமல் தலையை ஆட்டினார் என்றே நினைக்கிறேன். சஞ்சீவி ஏறினார், ஒரே வெட்டு. கிளை தரையில் படாமல் மஞ்சள் துணியில் வாங்கிக்கொண்டு போனார்கள். மதினி உள்ளே போய் அடுப்பில் இல்லாத குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

"உங்களுக்கு எதுக்கு மதினி இந்த வேண்டாத வேலை? ஏழெட்டு வருஷமாக் காத்துக்கெடந்து, பூக்கிற வருஷத்துல தூக்கிக் கொடுத்துட்டிய! அதுவும் போகட்டும். அங்க போய்ப் பூக்காமப் போச்சுன்னா? டர்பன் கதைன்னு சிரிச்சவுக இனிமே டர்பன் தரித்திரம்பாகளே!"

மதினி திரும்பவே இல்லை.

"அந்தப் பிள்ளை ஒருத்திதான்ட்டி, நான் சொன்னதைக் கேட்டுட்டுச் சிரிக்காதவ" என்றார்.

நான் போய் அடுப்பில் நிஜமாகவே ஒரு குழம்புச் சட்டியை ஏற்றினேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் முகூர்த்தக்கால் நட்டார்கள். மஞ்சள் பூசி, நவதானியம் முடிந்து, மாவிலை கட்டி, பால் ஊற்றி, எல்லாம் முறைப்படி. ஆனாலும் அதைப் பார்க்க... சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், அடுப்புக்கு வாங்கிப்போட்ட விறகு மாதிரிதான் இருந்தது.

மறுநாளே சீர் விஷயம் பேச ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை வந்து இறங்கினார். சில வீடுகளில் இப்படி ஒரு அத்தை இருப்பார், உங்களுக்குத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பந்தலுக்குள் நுழைந்தவர் கம்பைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இது என்ன? காஞ்ச கம்பை நட்டு வச்சிருக்கிய?"

"மொட்டும்மா அது" என்றார் வெங்கட்டம்மா அக்கா.

"இதுவா மொட்டு? காஞ்ச நெத்து மாதிரி இருக்கு! பட்ட கம்புக்கு முன்னால எங்க வீட்டுப் பிள்ளையை உக்கார வைக்கவா? புடுங்கிட்டு வேற நடுங்க."

பிடுங்க முடியுமா? நட்ட முகூர்த்தக்காலைக் கல்யாணம் முடியும் முன்னால் பிடுங்கினால் அதைவிடப் பெரிய அபசகுனம் வேறு இல்லை. அந்த அம்மாளுக்கும் அது தெரியும். வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது! கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "முகூர்த்தத்து அன்னிக்குக் காலையில வந்து பாப்பேன். இது இப்பிடியே நின்னுதுன்னா, எங்க அண்ணன்கிட்ட நான் பேச வேண்டியதைப் பேசுவேன்."

மூன்றாவது தடவையாகவா? சீதா உள்ளறையில் கொக்கி ஊசியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணிகூடப் போடவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு வேலை பார்த்தேன். உளவு வேலை! மதினி பந்தல் பக்கமே போகவில்லை. கூப்பிட்டாலும் போகமாட்டேன் என்றார்.

"நான் போய் நின்னா, 'தாலியறுத்தவ கைபட்ட கம்பு, அதான் கருகிப் போச்சு'ன்னு அந்த அம்மா அதுக்கும் ஒரு காரணம் சொல்லும். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

நான் தயிர் உறைக்கு மோர் கேட்கிற சாக்கில் போவேன். அம்மிக்குழவி கேட்கிற சாக்கில் போவேன். சாக்கு தீர்ந்துபோய், கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கிலும் போனேன். திரும்பி வந்ததும் மதினியின் விசாரணை.

"எப்பிடி இருக்கு?"

"கறுப்பாத்தான் இருக்கு."

"வளைவு நிமிந்திருக்கா?"

"கொஞ்சம்... இல்ல... தெரியல மதினி."

"கண்ணு எதுக்குட்டி வச்சிருக்க?"

யுத்தச் செய்தி கேட்க ரேடியோ இருந்த கடை வாசலில் கூட்டம் நின்றதே, அப்போதுகூட என் வீட்டுக்காரர் இவ்வளவு கவலையோடு செய்தி கேட்டதில்லை. பஞ்சு ஜின்னிங் பாக்டரியிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல், "என்னாச்சு? செவப்பு தெரியுதா?" என்பார். தெரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம்வரை தெரியவே இல்லை. மதினி அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். பொய்!

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமல் நான் எழுந்து போனேன். சாக்கு எதுவும் தேடவில்லை. கால் போன வேகத்துக்கு மனசு போகவில்லை, பாதித் தூரத்தில் நின்று ஒரு சின்ன ஜெபம் பண்ணினேன். 'ஆண்டவரே, கம்பளிப்பூச்சிப் பொய்யை மனசுல வச்சுக்கிடாதேயும்.'

பந்தலுக்கு முன்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கிட்டே போனால் — மாப்பிள்ளையின் அத்தை! எனக்கு முந்தி எழுந்து வந்துவிட்டார். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன்.

செவப்பு! அப்பா, என்ன செவப்பு! ஒரு இலை இல்லை, வெறும் கம்பு. நுனியில் மட்டும் கொத்துக் கொத்தாய், நெருக்கமாய், மிளகாயைக் கட்டுக் கட்டாய்க் கட்டி மேல் நோக்கிச் செருகினால் எப்படி இருக்கும், அப்படி! கொடிக்கால் கல்யாணமுருங்கைப் பூ வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இது மடித்துச் சுருட்டி வைத்த பட்டு மாதிரி இருந்தது. இது வேறே. சந்தேகமே இல்லை, இது வேறே மரம்! எங்கிருந்தோ ஒரு தேன்சிட்டு வந்து தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு பூவாய்க் குடித்துக்கொண்டிருந்தது. கீழே நாங்கள் இரண்டு பேர் நின்றும் அது அசையவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. டர்பன், டர்பன் என்று சிரித்தவர்களெல்லாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். சீதாவை ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். அந்தப் பெண் அழுததையும் சிரித்ததையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "பெரீம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரே பார்த்தாயிற்று. மதினி பார்க்கவில்லை! ஏழெட்டு வருஷம் காத்திருந்தவர், சுவருக்கு அந்தப்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் போய்ச் சொன்னேன். முகம் மலர்ந்தது. "பூத்துட்டா? நல்லாப் பூத்துட்டா?" என்று நாலு தடவை கேட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. "முகூர்த்த நேரம்ட்டி. நான் பொறவு, எல்லாம் முடிஞ்சு பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்கு ஆத்திரமாய் வந்தது. என்ன சொல்லி இழுப்பது என்றும் தெரியவில்லை.

எனக்குப் பின்னாலேயே வெங்கட்டம்மா அக்கா வந்து நின்றார். புதுப் பட்டு, கை நிறையக் கண்ணாடி வளையல். மதினியின் கையைப் பிடித்தார், இழுத்துக்கொண்டு நடந்தார். எங்கள் வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, பந்தலுக்குள், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் நடுவில். அந்தக் கம்புக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்.

"என் பொண்ணு கல்யாணத்துல முதல் மரியாதை இவுகளுக்குத்தான். யாருக்காவது ஏதும் சொல்லணுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா மூச்சுவிடவே பயந்தவர் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அவர் குரல் தெருமுனைவரை கேட்டது. அத்தை அம்மாளே ஒதுங்கி வழிவிட்டார்.

மதினி அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். 'நான் சொன்னேன்ல' என்று ஊரையே ஒரு பிடி பிடிப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவருக்கு அதற்கு முழு உரிமையும் இருந்தது. ஆனால் அவர் உதடு துடித்தது. கண்ணீர் தாரை தாரையாய் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

"டர்பன்ல அவிய காலையில கதவைத் திறந்ததும் முதல்ல இதைத்தான் பாப்பாவ ஞானம்" என்றார் என்னிடம், மெதுவாக. "இத்தனை வருஷத்துல அவிய முகமே எனக்கு மங்கலாப் போச்சுட்டி. இப்பத் தெளிவாத் தெரியுது."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. நான் அழுதேன் என்பதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார். அவருக்கு ஜலதோஷமாம்!

தாலி கட்டியாயிற்று. பந்திக்கு இலை போட்டார்கள். ரேஷன் காலத்துக் கல்யாணம், சாம்பார் கொஞ்சம் தண்ணீர்தான். யார் கவனித்தார்கள்? சாப்பிட உட்கார்ந்தவர்களெல்லாம் பந்தல் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவிவிட்டு வருகிறோம், அத்தை அம்மாள் எதிரே வந்து நின்றார். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக மதினியிடம், தேன் ஒழுகுகிற குரலில்:

"அக்கா... என் மகளுக்கும் வர்ற தையில செய்யலாம்னு இருக்கோம். ஜோசியர் தை பத்துக்குள்ள நாள் பார்த்து வச்சிருக்காரு. உங்க மரத்துல ஒரு கம்பு..."

மறுபடியுமா! வெட்டிய காயம்கூட மரத்தில் ஆறவில்லை. எனக்கு நாக்கு நுனிவரை கம்பளிப்பூச்சி வந்துவிட்டது. மதினி என் கையை அழுத்தினார்.

"தாராளமா எடுத்துக்கிடுங்க" என்றார். "ஆனா, தையில வேண்டாம். மாசியில மரம் பூத்து முடிக்கட்டும். பங்குனியில வாங்க, நானே நல்ல கம்பாப் பாத்து வெட்டித் தாரேன்."

அவ்வளவுதான் பதில். அதில் 'இல்லை' இல்லை. பொய் இல்லை. பூச்சியும் இல்லை! இத்தனை வருஷமாய் இது எங்கள் யாருக்கும் வாயில் வரவில்லையே என்று நான் மலைத்து நின்றேன். இந்த அத்தையா இதற்கு ஒப்புவார், கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தவர் ஆயிற்றே என்றும் ஒரு பயம்.

அந்த அம்மாள் மதினியைப் பார்த்தார். பந்தல் வாசலைப் பார்த்தார். விரல் விட்டு என்னவோ எண்ணினார்.

"பங்குனிக்கே வச்சுக்கிட்டாப் போச்சு" என்றார்.

செய்தி பரவிவிட்டது. இந்த மாதத்தில் மட்டும் நாலு வீட்டார் வந்து, அடுத்த வருஷத்துக் கல்யாணத்தைப் பங்குனிக்கு மாற்றிக்கொண்டதாய்ச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜோசியர்தான், எங்கள் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.